அம்மா நண்டு காய்ச்சிய கபனோ

பிஸ்கட் சுற்றிவரும் மெல்லிய தாளைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ மெதுவாகக் கசக்குவதுபோல ஒரு சத்தம். மரத்தில் காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும், எடுத்தால் நின்றுவிடும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டின் பின்வளவில் நின்ற மரக் கொட்டிலின் மூலைத் தூணில்தான் அதை முதலில் கேட்டேன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால் முதுகு கூசுகிறது, பிறகு கோபம் வருகிறது.

மொன்றியலின் மேற்கே பியர்பொன்ட்ஸில் அப்பா வாங்கிய வீடு அது. அதற்கு முன் வில்லரேயில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ஒரு கராஜில் வேலை. மொன்றியல் தெருக்களில் ஸ்னோ உருகட்டும் என்று விண்டர் முழுக்கக் கொட்டுகிற உப்பு கார்களின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். அந்தத் துருவைச் சுரண்டி, ஓட்டையில் 'பட்டி' என்கிற பசையை அப்பி, காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்து, அதன்மேல் பெயின்ற் அடிப்பது அவர் தொழில். அவர் கை பட்ட காரைப் பார்த்தால் எங்கே ஓட்டை இருந்தது என்று சொந்தக்காரனுக்கே தெரியாது. அதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கார்களோடு நின்றிருந்தால்.

வீட்டோடு சேர்ந்து வந்ததுதான் அந்தக் கொட்டில். புல் வெட்டும் மெஷினும் மண்வெட்டியும் வைக்க முந்திய சொந்தக்காரர் கட்டியது. இங்கத்தைய ஆட்கள் அதைக் 'கபனோ' என்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அந்தச் சொல்லை நான் கொண்டுவந்தேன், வீட்டில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். வெறும் மண்ணின்மேல் நீளமான இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு, அவற்றின்மேல் பலகை அடித்து, நாலு மூலைக்கும் தூண் நிறுத்தி, தார் ஓடு வேய்ந்திருந்தார்கள். மழைத்தண்ணி கூரையிலிருந்து வழிந்து அந்தக் கட்டைகளின் காலடியிலேயே விழும். அதை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் வந்தபோது அது நேராகவும் உலர்ந்தும் நின்றது. அதைக் கெடுத்தது நாங்கள்தான்.

எப்படி என்று சொல்கிறேன். வில்லரே வீட்டில் சாமிப்படம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்தது. அதற்குக் கீழே அம்மா மீன் வெட்டுவார், இறைச்சி காய்ச்சுவார், ஒரு கடவுளும் கோபித்ததில்லை. சொந்த வீடு வாங்கியதும் அப்பாவுக்குப் பக்தி கூடிவிட்டது. குசினிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையைச் சாமி அறை ஆக்கினார். குடிபுகுந்த நாளன்று, பால் பொங்கிய கையோடு ஒரு சட்டம் போட்டார்: இந்த வீட்டுக்குள் 'மச்சம்' காய்ச்சக் கூடாது. மீன், இறைச்சி, நண்டு, இறால், முட்டைகூட.

சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள். நண்டு இல்லாத சனிக்கிழமையை அப்பாவால் நினைத்துப் பார்க்க முடியாது. வெளியே காய்ச்சி, உள்ளே கொண்டுவந்து, சாமி அறைக்கு நேர் எதிரே இருக்கும் மேசையில் வைத்துச் சாப்பிடலாம்; காய்ச்சத்தான் கூடாது. இதன் நியாயத்தை இன்றுவரை எனக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை. எங்கள் ஆட்களின் வேறு வீடுகளிலும் கராஜுக்குள் ஓர் அடுப்பு, பின்வளவில் ஓர் அடுப்பு என்று வைத்திருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள், குளிர் வந்ததும் உள்ளே போனார்கள்.

“விண்டருக்கு என்ன செய்யிறது?” என்று அம்மா கேட்டார்.

“கபனோ கிடக்குத்தானே” என்றார் அப்பா.

ஆக, காஸ் அடுப்பு ஒன்றும் ஒரு பழைய மேசையும் கபனோவுக்குள் போயின. அம்மாவின் இரண்டாவது குசினி அது. உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. அங்கே யாரும் வந்து உப்புப் பார்க்க மாட்டார்கள். ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தார். எதையாவது நினைத்துத் தனியே சிரிப்பார். வெளியே நின்றால் கேட்கும். கறி இறங்கியதும் அப்பாவின் பெரிய பூட்சுக்குள் காலை விட்டுக்கொண்டு, சட்டியைத் துணியால் பிடித்தபடி, ஸ்னோவுக்கு மேலால் வீட்டை நோக்கி ஓடிவருவார். குசினியின் கண்ணாடிக் கதவை நான் திறந்து பிடிக்க வேண்டும். “விலத்து, விலத்து, சுடுகுது!” என்று கத்திக்கொண்டு வருவார், அவர் பின்னால் ஆவி ஒரு வால் போல வரும். கதவை மூடி மூச்சு விடுவதற்குள் சட்டி மேசையில் இருக்கும். அந்த ஓட்டத்தைப்போல அம்மா வேறு எதையும் அவ்வளவு சந்தோஷமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் விண்டரிலேயே அப்பாவுக்கு வேறு பயம் பிடித்தது. மணம். பக்கத்து வீட்டு மதாம் ஒருநாள் வேலிக்கு அங்கால் நின்று மூக்கை உறிஞ்சினாராம். அவ்வளவுதான். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்பா அன்றிரவு முழுக்க, நகரசபைக்காரன் வருவான், அடுப்பைத் தூக்கச் சொல்லுவான், தமிழர் நாத்தம் என்று தெரு முழுக்கக் கதை போகும் என்று பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் கபனோவின் யன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டினார். முகட்டடியில் காற்றுப் போக விட்டிருந்த இரண்டு வலைத் துவாரங்களிலும் பழைய போர்வையைக் கிழித்து அடைத்தார். பலகை இடுக்குகளுக்கு டேப். கதவுக்கு ரப்பர். மணம் மட்டும் அல்ல, ஒரு பொட்டு ஆவிகூட வெளியே போக வழியில்லை.

ஆவி வேறெங்கே போகும்? கூரையின் உட்பக்கம் ஆணிகளின் கூர்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கூரிலும் இரவில் வெண்ணிறப் பனி பூத்துவிடும். மறுநாள் அம்மா அடுப்பை மூட்டியதும் அது எல்லாம் சேர்ந்து உருகும். உள்ளே மழை பெய்யும். குளிக்கும்போது தலையில் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுக்கொண்டு அம்மா நண்டு காய்ச்சுவார். நானும் அம்மாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்த நேரத்தில் அந்தத் தண்ணி சுவரின் உட்பக்கத்தால் இறங்கி, தூண்களின் அடியில் தேங்கி, மரத்துக்குள் ஊறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அடிக்கடி தலையிடி வரும். கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பார். அப்பா வந்து மூடுவார்.

இரண்டாவது வசந்தத்தில் எறும்பு வந்தது. குசினிச் சீனிப் போத்தலுக்கு வருகிற குட்டி எறும்பு இல்லை. என் சின்ன விரல் நகத்தைவிட நீளமான, கன்னங்கரிய எறும்பு. அடுப்படி மூலைத் தூணுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கீறல் இருந்தது. அதற்குள்ளால் போகும், வரும். நான் செருப்பைக் கழற்றினேன். அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

“அடிக்காதை. கறுத்த எறும்பு சாமி எறும்பு.”

சிவத்த எறும்பு கடிக்கும், அதைக் கொல்லலாம்; கறுத்த எறும்பு பிள்ளையாருடையது, அது வருகிற வீட்டுக்கு நல்லது வரும். இதைக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை இருக்கிறதா? அப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மச்சத்தை வெளியே தள்ளிய தன் சட்டத்துக்குக் கிடைத்த பதில் என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் சாமி அறையில் விளக்குக் கொளுத்திவிட்டு, ஒரு கரண்டி சீனியைக் கொண்டுபோய் அந்தத் தூணடியில் தூவினார். என் கண்ணால் பார்த்தேன். மரத்தைக் குடைகிற பூச்சிக்குச் சீனி வைத்து வளர்த்த வீடு எங்களுடையது.

அந்த வருஷம் தூணடியில் தூள் கொட்டத் தொடங்கியது. பென்சில் சீவினால் விழுவதுபோல மெல்லிய மரத்தும்பு, அதற்குள் கறுப்பாக ஒடிந்த கால்கள், தலைகள். அம்மா கூட்டி அள்ளுவார், அடுத்த நாள் திரும்பவும் இருக்கும். அந்த நாட்களில்தான் நான் காதை வைத்துக் கேட்டேன்.

“அப்பா, தூணுக்குள்ள சத்தம் கேக்குது.”

“என்ன சத்தம்?”

“பேப்பர் கசக்கிற மாதிரி.”

அப்பா வந்து குனிந்து பார்த்தார். அவர் தேடியது கறையானை. யாழ்ப்பாணத்தில் மரம் போவது கறையானால். கறையான் வந்தால் சுவரில் மண்ணால் கோடு இழுத்திருக்கும். இங்கே மண்கோடு இல்லை. விரலால் தூணைத் தட்டிப் பார்த்தார்.

“கறையான் இல்லை. எறும்பு மரம் தின்னுறேல்லை பிள்ளை. போய்ப் படி.”

சரிதான், தின்னுவதில்லை. எங்கோ புத்தகத்தில் பிறகு வாசித்தேன்: அது மரத்தைக் குடைந்து வீடு கட்டுகிறது, குடைந்ததை வெளியே கொட்டுகிறது. ஈரத்தில் உக்கிய மரம்தான் அதற்கு வசதி. அங்கே தொடங்கி, பிறகு நல்ல மரத்துக்குள்ளும் போகும். ஆக, அப்பா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. தூண் மட்டும் உள்ளுக்குள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் சின்ன மாமா. அம்மாவின் தம்பி. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்று சிநேகிதர்களோடு ஓர் அறையில் இருந்தார், ஒரு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவினார், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வாய் சும்மா இருக்காது. ஒரு கோடைகால ஞாயிறு, அம்மா இறைச்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது கபனோவுக்குள் போய், அடுப்படித் தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு கதை சொன்னார். கதையின் நடுவில் நிமிர்ந்து, தோளைத் தடவிப் பார்த்தார். பிறகு பெருவிரலால் தூணை அமத்தினார். விரல் உள்ளே போனது.

“அக்கா, உதென்ன, கேக்கா தூணா?”

மேசையில் கிடந்த திருப்புளியை எடுத்துக் குத்தினார். பிடி வரை இறங்கியது. இழுத்தபோது ஓட்டையிலிருந்து பழுப்புத் தூளும் ஏழெட்டு எறும்பும் விழுந்தன. அம்மா அடுப்பைக் குறைத்தார். மாமா சிரிக்கவில்லை. வெளியே வந்து, புல்லில் கதிரை போட்டு இருந்த அப்பாவைக் கூப்பிட்டார்.

“அத்தான், தூண் உக்கிப்போச்சு. அடிச்சட்டமும் போயிருக்கும். அக்கா நிக்கிற மூலை அது.”

“ஆர் சொன்னது?”

“திருப்புளி சொல்லுது. இஞ்ச வந்து பாருங்கோ.”

அப்பா எழும்பவில்லை. “தம்பி, நீர் முதல் ஒரு வீட்டை வாங்கும். பேந்து வந்து எனக்குத் தூண் பழக்கும்.”

“வீடு வாங்கினாத்தான் கண் தெரியுமோ? வாடகை வீட்டில இருக்கிறவனுக்குக் கைவிரல் இல்லையோ? உக்கினதை வெட்டி எறிஞ்சுபோட்டு புது மரம் வைப்பம். என்ரை சிநேகிதன்ரை வான் இருக்கு, நாளைக்கே பலகை ஏத்தலாம். முதல் உந்தத் துவாரத்தில அடைச்ச போர்வையை இழுத்து எறியுங்கோ. உள்ளுக்க மூச்சு விடேலாமல் கிடக்கு.”

“மணம் போகும்.”

“மணம் போனா என்ன? அவையள் பாபெக்கியூ போடேக்க நாங்கள் பொலிசைக் கூப்பிடுறமே?”

“என்ரை வளவில என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியும்.”

அம்மா கபனோ வாசலில் கரண்டியோடு நின்றார். “இஞ்சருங்கோ, அவன் சொல்லுறதை ஒருக்காப் பாத்தா என்ன?” என்றார், மெதுவாக. அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பார்வைதான். அம்மா உள்ளே போய்விட்டார். மனைவியின் தம்பி வந்து குறை கண்டுபிடித்த தூணை, அந்தத் தம்பி சொன்னபடி திருத்த எங்கள் வீட்டு ஆம்பிளைகளால் முடியாது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு மேல் அதில் ஆழம் ஒன்றும் இல்லை. மாமா அன்று சாப்பிடாமல் போனார். அதன்பிறகு பல மாதம் வரவில்லை.

ஆனால் திருப்புளி போட்ட ஓட்டை தெரிந்தது. அதை அப்படியே விட அப்பாவால் முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை கராஜிலிருந்து இரண்டு டின் பட்டி கொண்டுவந்தார். காருக்குச் செய்வதையே மரத்துக்கும் செய்தார். கம்பியால் உக்கலைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது, ஓர் அளவில் போதும் என்று நிறுத்தினார். நல்ல மரம் வரும்வரை போகவில்லை. போயிருந்தால் தூண் முழுதும் கையில் வந்திருக்கும், அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பட்டியைக் குழைத்து அப்பினார். காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்தார், முதலில் முரட்டுத்தாள், பிறகு மெல்லிய தாள். அடிச்சட்டத்தின் பிளவுகளுக்கும் அதே வைத்தியம். எறும்பு போய்வந்த கீறலையும் அடைத்தார். பிறகு யாரோ ஒருவருடைய காருக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்றை, மினுங்குகிற நீலம், உள்ளும் வெளியும் அடித்தார்.

அந்த வளவில் அவ்வளவு வடிவான பொருள் வேறு இல்லை. வெயில் பட்டால் கண் கூசும். பக்கத்து வீட்டு மதாம் கையைத் தட்டி “ப்ராவோ, மெஸ்யூ!” என்றார். வந்த ஆட்கள் எல்லாரும் தூணைத் தடவிப் பார்த்து, “என்ன அண்ணை, புதுசா வாங்கினதோ?” என்று கேட்டார்கள். அப்பா ஒவ்வொருவரையும் அழைத்துப் போய்க் காட்டினார். நான் ஒருநாள் யாரும் இல்லாத நேரம் அந்த நீலத்தில் காதை வைத்தேன். கடினமாக, குளிராக, கார்க் கதவைப் போல இருந்தது. அதற்கு உள்ளே, முந்தியதைவிட ஆழத்தில், தாள் கசங்கிக்கொண்டிருந்தது.

அந்த விண்டர் தொடங்கியதும் கதவு இறுகத் தொடங்கியது. மேல் மூலை நிலையில் உரசும். அப்பா சீவுளி எடுத்துக் கதவைச் சீவினார். இரண்டு கிழமையில் திரும்ப உரசியது, திரும்பச் சீவினார். சதுரமாக இருந்த கதவு ஒரு பக்கம் சரிந்த வடிவம் எடுத்தது, அதன்படி கபனோவும் சரிகிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. மேசையில் வைத்த எலுமிச்சம்பழம் தானாக உருண்டு மூலைக்குப் போகும். சட்டிக்குள் குழம்பு ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும்.

“சரியுது” என்று அம்மா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

“எது?”

“கபனோ. சட்டி நேரா நிக்குதில்லை.”

“தரை சரிவு. அடுப்புக்குக் கீழ ஒரு கட்டை வைக்கிறன்.”

வைத்தார். குழம்பு நேரானது. பிரச்சினை முடிந்தது.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. கிழமை முழுக்க ஸ்னோ கொட்டி, அதன்மேல் வெள்ளியன்று மழை பெய்தது. ஸ்னோ மழையைக் குடித்துக் கனத்துவிடும். இங்கே வீட்டுக்காரர் எல்லாருக்கும் அது தெரியும். காலையிலேயே தெருவில் ஆட்கள் ஏணி வைத்துக் கூரைகளில் கிடந்த ஸ்னோவைச் சவளால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மா கையில் நண்டுப் பையோடு, கபனோக் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “மேலை கிடக்கிறதைத் தள்ளிவிடுங்கோவன், பேந்து காய்ச்சுறன்” என்றார். அப்பா சோபாவில் இருந்தார். “நீர் காய்ச்சும். தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்.”

அம்மா போனார். நான் கண்ணாடிக் கதவருகில் நின்றேன், ஓடிவரும்போது திறப்பதற்காக. ரேடியோ சத்தம் கேட்டது. யன்னல் பிளாஸ்டிக்கில் ஆவி ஏறி வெள்ளையானது.

இடி முழக்கம்போல ஒன்றும் நடக்கவில்லை. நீல மூலை மெல்லக் குந்தியது. கால் உளைந்த ஒரு மனுசி குந்துவதுபோல. அதன்பிறகு கூரை அந்தப் பக்கமாகச் சறுக்கியது, அதோடு ஸ்னோ முழுவதும் சறுக்கி வந்தது, கதவு தானாகத் திறந்து திரும்ப மூடியது. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

அப்பா பூட்ஸ்கூடப் போடாமல் வெறும் மேசுக் காலோடு ஓடினார். கூரைக்குக் கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது, கத்தலாக இல்லை, வீட்டுக்குள் வேலை சொல்லுகிற அதே குரலில்: “அடுப்பை நிப்பாட்டுங்கோ. முதல் அடுப்பை நிப்பாட்டுங்கோ.” அப்பா கையை விட்டுத் துழாவி காஸ் சிலிண்டரை மூடினார். பிறகு காரிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்து, கூரை வளைக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு சுற்றாக ஏற்றினார்.  அந்த வேலை அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மதாம் அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு, இரவு உடுப்போடு வேலிக்கு மேலால் போர்வையை எறிந்தார். அம்மாவின் இடுப்பெலும்பு உடைந்திருந்தது. நண்டுக் குழம்பு இடது கை முழுவதும் கொட்டித் தோல் உரிந்திருந்தது.

ஸ்ரெச்சரில் அவரைத் தூக்கிய பிறகு நான் அந்த மூலையைப் பார்த்தேன். தூண் உடையவில்லை. உடைய அங்கே தூண் இருக்கவில்லை. அப்பா அப்பிய பட்டி மட்டும், தூணின் வடிவத்தில், நீலமாக, வழுவழுப்பாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அதன் நடுப்பகுதி வெறும் குழி. அந்தக் குழியிலிருந்து எறும்புகள் ஸ்னோவின்மேல் கொட்டிக் கிடந்தன. விண்டரில் உறங்க வேண்டியவை. அடுப்பின் சூட்டில் விழித்தே இருந்திருக்கின்றன. நண்டுக் கால்களுக்கும் இஞ்சித் துண்டுகளுக்கும் நடுவே, குளிரில் மெல்ல மெல்ல அசைவை நிறுத்திக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் தாதி என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கேட்டார். அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது. என் தோளில் கையை வைத்து, “ஸ்னோ விழுத்திப்போட்டுது எண்டு சொல்லு” என்றார். மரம் அழுகியிருந்தது, எறும்பு குடைந்திருந்தது, அதன்மேல் பெயின்ற் அடித்திருந்தது, பிறகு ஸ்னோ வந்தது என்று நான் சொன்னேன். தாதி என் தலையைத் தடவி, “பாவம் பிள்ளை” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார். நான் உண்மை சொன்னதால் ஒன்றும் மாறவில்லை.

மாமா பின்னேரம் வந்தார். அப்பா அவரைக் கண்டதும் எழும்பி, “ஸ்னோ தம்பி. இந்தமுறை சரியான ஸ்னோ” என்றார்.

“ஓம் அத்தான்” என்றார் மாமா. “பக்கத்து வீட்டுக் கபனோவுக்கு மேல பெய்யேல்லைப் போல.”

 மறுநாள் நாங்கள் எழும்ப முன் அப்பா, நீலத் துண்டுகள் முழுவதையும் யாரிடமோ இரவல் வாங்கிய வானில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கோ கொட்டிவிட்டு வந்தார். வளவில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது, புல் முளைக்காத கறுப்புச் சதுரம். ஊருக்கெல்லாம் ஸ்னோக் கதைதான் போனது. அம்மாவும் அதையே சொன்னார். கோயிலில், கலியாண வீட்டில், யார் கேட்டாலும், “ஸ்னோதான், எங்கட காலம்” என்றார். அதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

அதைவிடப் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. மூன்று மாதம் கழித்து அம்மா தடியோடு வீட்டுக்கு வந்தார். முதல் சனிக்கிழமை அப்பா நண்டு வாங்கி வந்து, வீட்டுக் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா காய்ச்சினார். சாமி அறைக் கதவு திறந்தே இருந்தது. ஒரு விளக்கும் அணையவில்லை, ஒரு படமும் விழவில்லை. இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது அது.

இப்போது நான் கர்க்லாண்டில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் என்னோடுதான். மாமா தன் பிள்ளைகளோடு ரொறொன்ரோ போய்விட்டார். பியர்பொன்ட்ஸ் வீட்டை விற்றாகிவிட்டது. ஒருமுறை காரில் அந்தத் தெருவால் போனேன், கறுப்புச் சதுரம் இருந்த இடத்தில் பிள்ளைகள் குதிக்கிற வலைத்தொட்டில் ஒன்று நிற்கிறது. வில்லரேயிலிருந்து வந்த சாமிப்படங்கள் என் வீட்டில் திரும்பவும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கின்றன.

என் வீட்டுக்கும் ஒரு கபனோ உண்டு. இந்த வசந்தத்தில் அதன் தரையில் மரத்தும்பைக் கண்டேன். குந்தி, சுவரில் காதை வைத்தேன். எவ்வளவு காலமானாலும் அந்தச் சத்தம் மறக்காது. ஆளைக் கூப்பிடவில்லை, நானே தொடங்கினேன். ஜாக்கி வைத்துக் கூரையைத் தாங்கினேன். வெளிப்பலகையைக் கழற்றினேன். மூலைத் தூணின் காலும் அடிச்சட்டத்தின் பாதியும் பழுப்பாக, விரலால் கிள்ளினால் பிய்ந்து வந்தன. எறும்புக்கு மருந்து வைத்தேன். சாமி எறும்பு என்று இந்தமுறை யாரும் சொல்லவில்லை.

அம்மா புல்லில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், தடி மடியில். அப்பா என் கராஜுக்குள் போய்க் கொஞ்ச நேரம் எதையோ தேடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு டின். இத்தனை வருஷமும், இத்தனை வீடு மாறியும், அதைக் கொண்டு திரிந்திருக்கிறார்.

“இவ்வளவுக்கு வெட்டத் தேவையில்லை பிள்ளை” என்றார். “சுரண்டிப்போட்டு கொஞ்சம் பட்டி வைச்சா, தெரியாது.”

எனக்குப் பதில் வாய் வரை வந்தது. கையில் மரம் அறுக்கிற வாள் இருந்தது. நான் திரும்ப முன் அம்மா பேசினார். அப்பாவைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

“வெட்டு பிள்ளை.”

அப்பா நின்றார்.

“இன்னும் கறுப்பாக் கிடக்கு. வெட்டு. வெள்ளை மரம் வருமட்டும் வெட்டு. அண்டைக்கு விழுந்தது ஸ்னோவில்லை.”

வெட்டினேன். ஒரு சாண் மேலே போனதும் மரம் வெளிறி, தூள் வெள்ளையாக விழத் தொடங்கியது.  அப்பா டின்னை நிலத்தில் வைக்கவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை. மூடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார்.

வெயில் இறங்க அம்மா உள்ளே போக வேண்டும் என்றார். நான் வாளை வைத்துவிட்டு முன்னால் போய்க் குசினிக் கதவைத் திறந்து பிடித்தேன். புல்லுக்கு மேலால் அவர் வந்தார். தடியை ஊன்றி, ஒரு காலை வைத்து, நின்று, மற்றக் காலை இழுத்து, திரும்ப நின்று. கையில் சட்டி இல்லை. வழியில் யாரும் நிற்கவில்லை, விலத்து என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. கதவைப் பிடித்திருந்த என் கை உளைந்தது. அவர் இன்னும் பாதி வளவுகூடத் தாண்டவில்லை.